அறுப்புக்கு முந்தின நாள்

கடந்த பிப்ரவரியில் ஆலை கேன்டீனின் பின்பக்கம் எரிவாயுக் கலன் ஒன்று கட்டப்பட்டது. மிச்சச் சோறும் காய்கறித் தோலும் உள்ளே போக, வாயு அடுப்புக்கு வந்தது. மிஞ்சிய கருங்கரைசலை வடிகட்டி, டிரம்மில் ஆறவிட்டு, பத்துப் பங்கு தண்ணீர் கலந்து கீரைக்கு விடும் வேலையைத் தோட்டக்காரருக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்தார்கள். அவர் நிரந்தர ஊழியர். அவள் தினக்கூலி. முதல் அறுப்பு நல்லபடியாக கேன்டீனுக்குப் போய்விட்டால் அவளையும் நிரந்தரமாக்கச் சொல்வதாக சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார்.

தண்டுக்கீரை முழங்கால் உயரம் வந்திருந்தது. அறுப்பு நெருங்கியதால் கரைசலை நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர்தான் விட்டுக்கொண்டிருந்தாள். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு வந்தபோது, கணவர் பூவாளியைத் தூக்கிப் பிடித்து இலைகளின் மேலேயே கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தார். பாதிப் பாத்திகள் முடிந்திருந்தன.

"என்ன பண்றீங்க?"

"சூப்பர்வைசர்தான் சொன்னாரு. நாளைக்கு மேனேஜர் பாக்க வர்றாராம். இலை வெளுப்பா இருக்காம்."

"அவருக்குத் தெரியாது, சரி. நாளைக்கு அறுக்கற கீரைக்கு இன்னைக்கு ஊத்தலாமான்னு உங்களுக்குமா தெரியாது?"

"வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். 'சரி சார்'னு வந்துருச்சு."

"என்கிட்ட மட்டும் வராதே அந்த 'சரி'." பூவாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "தண்ணி எவ்வளவு கலந்தீங்க?"

"பாதிக்குப் பாதி. சீக்கிரம் கறுக்கட்டும்னு."

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து குழாயை இழுத்து வந்தாள். சாயங்காலம் ஆலையில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தும்வரை இருவரும் இலை இலையாகக் கழுவினார்கள். தண்ணீர் வேகத்தில் தண்டுகள் சாய்ந்தன. "மெதுவா பிடிங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே எப்படிப் பிடிச்சா என்ன" என்றாள்.

காலையில் இலை ஓரங்கள் கருகியிருந்தன. மேனேஜர் அறுத்து வைத்திருந்த கீரைக்கட்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோய் உடனே கீழே வைத்தார். இலைக்காம்பு இடுக்குகளில் கறுப்புத் திப்பி ஒட்டியிருந்தது.

"இதையா சாப்பிடறது?"

"தினக்கூலி ஆளை வச்சு வேலை வாங்கினா இப்படித்தான் சார்" என்றார் சூப்பர்வைசர். "எத்தனை தடவை சொல்றது."

அவள் கணவரைப் பார்த்தாள். "யாரு ஊத்தச் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

தோட்டக்காரர் தொண்டையைச் செருமினார். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கூடிப்போச்சு சார்" என்றார் தோட்டக்காரர்.

அடுத்த வாரம் பாத்திகளைக் கொத்திச் சமன்செய்து புல்தரை போட்டார்கள். புல்லுக்குக் கரைசல் விடும் வேலை தோட்டக்காரருக்கே தரப்பட்டது. ஒன்றாம் தேதியிலிருந்து அவர் மனைவி வரவேண்டாம் என்று கேட்டில் காவலாளி சொன்னார்.