ட்ரோம்போனுக்கு ஒரு சமதளம்

தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பரமசிவம் ஒரு ட்ரோம்போன் வாங்கினார். முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற நீளமான பித்தளைக் குழல் அது. போபோடியில் இருந்த சின்ன வீட்டில் அதை முழுக்க நீட்ட இடமில்லாததால் ஜன்னல் வழியாக வெளியே நீட்டி ஊதினார். ஒருநாள் குழல் உள்ளே திரும்பும்போது எதிர்வீட்டுக் கொடியிலிருந்த பனியனும் கூடவே வந்தது. அவர் மனைவி சியாமளா பனியனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, ஊருக்கு வெளியே தளேகாவில் சும்மா கிடக்கும் தங்கள் மனையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு அங்கே போய் ஊதச் சொன்னாள்.

மனை சரிவில் இருந்தது. உள்ளே தெரிகிற நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்து மட்டம் பார்த்ததில், கொட்டகை நிற்க வேண்டிய இடத்தின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட இரண்டடி உயரம் என்று தெரிந்தது. மேட்டை வெட்டி இறக்கிவிடலாம் என்றார் பரமசிவம். வெட்டினால் மழைக்காலத்தில் மலைத்தண்ணீர் முழுதும் கொட்டகைக்குள்தான் வரும், பள்ளத்தைக் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்துவதே சரி என்றாள் சியாமளா. கொட்டிய மண் அமுங்கும், ஊதிக்கொண்டிருக்கும்போதே தான் கீழே ஓடும் ரயில் தண்டவாளம் வரை சறுக்கிப் போக நேரிடும் என்றார் அவர். போனால் போங்கள் என்று அவள் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது.

வாகடில் இருக்கும் மகள் வைஷுவுக்குத்தான் கஷ்டம். அம்மா சமையலறையிலிருந்தும் அப்பா கூடத்திலிருந்தும் அவளுக்குப் போன் செய்து, சாப்பாடு தயார் என்று சொல், பசியில்லை என்று சொல் என்றார்கள். அவள் இரண்டு நாளில் போனை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

அதனால் பரமசிவம் நேராக ஜேசிபி ஓட்டும் இர்பானைக் கூப்பிட்டு, மேல்பக்கத்தை இரண்டடி வெட்டச் சொன்னார். சியாமளாவும் மாடியில் துணி உலர்த்தும் சாக்கில் அவனுக்குப் போன் செய்து, கீழ்ப்பக்கத்தை இரண்டடி உயர்த்தச் சொன்னாள். வெட்டிய மண் பக்கத்திலேயே இருந்ததால் இர்பானுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே லோக்கல் ரயிலில், எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து போனார்கள். மனையில் அவர் வெட்டிய பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். அவள் உயர்ந்த பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். ஏதோ சரியில்லை. ஆனால் டியூபைத் தனியாகப் பிடிக்க முடியாது. அவர் ஒரு முனையை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"தண்ணி எங்க நிக்குது?" என்று அவர் கேட்டார்.

"கணுக்கால்ல. உங்களுக்கு?"

"தொடைகிட்ட."

"அப்ப நீங்கதான் பள்ளத்துல நிக்கிய."

மலையைப் பார்த்துச் சரிகிற மனை அந்த வட்டாரத்திலேயே அது ஒன்றுதான். கூப்பிட்டதும் வந்த இர்பான், அங்கிள் சொன்னதையும் செய்தேன், ஆன்ட்டி சொன்னதையும் செய்தேன், வேறு யாராவது சொன்னார்களா என்று இந்தியில் கேட்டான். சியாமளாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பரமசிவம் கோபமாக இருக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்த சிரிப்பில் டியூபிலிருந்த தண்ணீர் முழுதும் அவர் கால்சட்டையில் கொட்டியது.

கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு அடியை எடுத்து மேல்பக்கத்தில் போட்டான் இர்பான். அடுத்த வாரங்களில் இருவரும் மாறி மாறித் திமிசுக் கட்டையால் இடித்து மண்ணை இறுக்கினார்கள். சரிவின் கீழ்ப்பக்கம் கல்சுவர் எழுந்தது. மலைப் பக்கம் மழைநீர் விலகிப் போக ஒரு வாய்க்கால். மேலே சரளை பரப்பிக் கான்கிரீட் போட்டு, கொட்டகையை நிறுத்தினார்கள். முதல் பெருமழையில் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தரையும் அசையவில்லை.

மழை விட்ட ஞாயிறு பரமசிவம் கதவைச் சாத்திக்கொண்டு, கையை முழுக்க நீட்டி ஊதினார். பக்கத்து மனையில் எருமை வளர்க்கும் பெண் வேகமாக ஏறி வந்து, வெளியே உட்கார்ந்திருந்த சியாமளாவிடம், உள்ளே இருக்கிற எருமைக்கு இது முதல் பிரசவமா என்று மராத்தியில் விசாரித்தாள்.

சியாமளா சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம், கொஞ்சம் நாளாகும் என்று சொல்லி அனுப்பினாள்.