நடுக்குரல்

பெட்டி மூடியைத் தூக்கியவரின் கையை அமலோற்பவம் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க. என் புள்ளயோட பாட்டப் பாடிட்டு மூடுங்க.”

மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. பங்குச்சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். நேற்றுத் திண்டிவனம் ரோட்டில் லாரி மோதி இறந்த பிரவின், நெற்றிக் கட்டோடு பெட்டிக்குள் கிடந்தான். அம்மாவின் பார்வை தன்மேல் விழுந்ததும் தங்கை கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டாள்.

“போன்ல இருக்குதும்மா, போடட்டுமா?” என்றான் இலியாஸ். பிரவின், கீர்த்தனா, அவன் என மூவரும் சேர்ந்து நடத்திய இசைக்குழுவில் கிட்டாரும் மேல்குரலும் அவனுடையவை.

“போன் வேணாம். வாயால பாடுங்க. அவன் பாடுனதப் பாடு, கீர்த்து.”

“ஒண்ணும் வேணாம்” என்றார் அப்பா அடைக்கலராஜ், சுவரைப் பார்த்தபடி. “டயம் ஆவுது. மூடுங்க.” மூன்று வருடமாக அந்தப் பாட்டுகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் ஊளை.

மூடிவிட்டால் தேவலை என்று நினைத்த தன்மேலேயே கீர்த்தனாவுக்கு வெறுப்பு வந்தது. அவளுக்குக் கீழ்க்குரல் மட்டும்தான் தெரியும்; நடுக்குரல் பிரவினுடையது. எதிரொலிக்காக ஊர்க் கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துக்குப் போய்ப் பாடும்போதெல்லாம் பிரவின் அதட்டுவான்: “என் பக்கம் சாயாத. என் குரலக் கேக்காத. உன் வழியில போ.” காதைப் பொத்திக்கொண்டு பழகினாள். மூன்று குரலும் கலந்து வளைவுக் கூரையில் புகைபோல நிற்கும். கேட்டவர்கள் அழுதிருக்கிறார்கள். அவள் மட்டும் அண்ணன் குரலைக் கேட்காமல் இருக்கவே பாடுபட்டாள்.

“உனக்குத் தெரியுமா, அவன் பாடுறது?” என்று இலியாஸிடம் கிசுகிசுத்தாள். அவன் தலையை ஆட்டி இல்லை என்றான். அவனும் அப்படித்தான் பழகியவன்.

வேறு வழியில்லாமல், இலியாஸ் கிட்டாரை மீட்ட, தெரிந்ததைத் தொடங்கினார்கள். மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், நடுவில் ஒன்றுமில்லை.

“இது இன்னா பாட்டு?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அம்மாவின் முகம் கோணியது. “இது இல்லடி. அவன் பாட்டு.”

கீர்த்தனா நிறுத்திவிடலாம் என்று இலியாஸைப் பார்த்தபோது, சுவர்ப்பக்கமிருந்து மூன்றாவது குரல் வந்தது. கரகரப்பாக, சுருதிக்கு வெகு கீழே. ஆனால் ஒரு வளைவு தப்பவில்லை, ஒரு சொல் மாறவில்லை. அடைக்கலராஜ் திரும்பவே இல்லை.

இலியாஸ் கிட்டாரிலிருந்து கையை எடுத்துவிட்டான். கீர்த்தனா தன் குரலை இன்னும் இறக்கி, நடுக்குரலைக் கேட்டுக்கொண்டே பாடினாள்.