எசென்கூலை எல்லோரும் புகழ்ந்த மத்தியானம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னான். நானும் சிரித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அவசரப்பட்டுச் சிரித்துவிட்டது தெரிந்தது.

பனி பெய்துகொண்டிருந்த காரா-பால்டா நகரில் தனியாக ஒரு

(வேண்டாம். எங்கள் ஊர்க் கதைகளில் எப்போதும் பனி பெய்கிறது. எழுதுகிறவருக்கு வேறு தொடக்கம் தெரியாது.)

எசென்கூல் லாரி ஓட்டியவன், குடித்தவன், இப்போது குடிமீட்பு இல்லத்தில் இருப்பவன். சனிக்கிழமை மகள் மீரிமுக்குக் கல்யாணம். அவளே நேரில் வந்து கூப்பிட்டாள். அங்கே வந்து நிற்கத் தனக்கென்ன யோக்கியதை என்று மறுத்துவிட்டான்.

2

ஆலோசகர் நுர்சாதா தன்மதிப்பை வளர்ப்பதில் தலைநகரில் பயிற்சி பெற்றவர். எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லும்படி எசென்கூலைக் கேட்டார். எங்கள் ஆண்களுக்கு இதைவிடச் சட்டையைக் கழற்றுவது சுலபம். நெடுநேரம் யோசித்தவன், தன் பழைய லாரியின் எஞ்சினைப் புகழ்ந்தான்.

சரி, மற்றவர்கள் சொல்லட்டும் என்று ஆலோசகர் வட்டத்தைப் பார்த்தார்.

"எசென்கூல் அண்ணன் எப்படிப்பட்ட மனுஷர்?"

வட்டமே எழுந்து நின்றது. "நல்ல மனுஷர்" என்றது ஒரே குரலில்.*

* இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். செத்தவன் யாரானாலும் பதில் இது ஒன்றே. நுர்சாதாவும் இந்த ஊர்க்காரர்தான். இதையே மறக்கடிக்கும் அளவுக்கு நல்ல பயிற்சி.

3

எசென்கூலின் கண்கள் கலங்கி

(அடித்துவிட்டேன். கலங்கவில்லை.)

"தூக்க நாலு பேரு போதுமாப்பா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். தோக்தோசுன் மட்டும் சிரிக்கவில்லை. இல்லத்தில் அவனுக்குப் பக்கத்துக் கட்டில்காரன்.

"பொணத்துக்குன்னா பொய் சொல்லுவோம்ண்ணே. நீ மூச்சு விட்டுக்கிட்டுல்ல உக்காந்திருக்க. என் கை நடுங்கி ஸ்பூன் பிடிக்க முடியாதப்ப சூப்பு ஊட்டுனது யாரு?"



பயிற்சி வெற்றி என்று ஆலோசகர் அறிவித்தார். எந்தப் பயிற்சியும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

4

கைவசம் இரண்டு முடிவுகள். போகிறான், வாழ்த்துகிறான், எல்லோரும் அழுகிறார்கள்: இல்லத்துக்கு நன்கொடை தருபவர்களுக்குப் பிடிக்கும். போகிறான், குடிக்கிறான்: விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

எனக்குத் தெரிந்தது, அவன் சவரம் செய்துகொண்டு கல்யாணத்துக்குப் போனான் என்பது மட்டும். எங்கள் விருந்துகளில் மைக் மேசை மேசையாகச் சுற்றும். கைக்கு வந்தால் எழுந்து நின்று, கோப்பையை உயர்த்தி வாழ்த்த வேண்டும். தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்வது மரியாதையில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்றித் தர வேண்டும்.

மைக் எசென்கூலிடம் வந்துவிட்டது. எழுந்துவிட்டான். மீரிம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கோப்பை காலி.

அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பது நீங்கள். வோட்காவும் தேநீரும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான். நான் இதற்கு மேல் எழுதப்போவதில்லை. ஊற்றுங்கள்.