கடைவாய்ப் பல்லும் ஒரு மூட்டை ரிப்பனும்

மைத்துனன் தர வேண்டியது நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது. பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "இந்தக் கடைவாய்ப் பல்லைக் காப்பாத்திடலாம். வேரைச் சுத்தம் பண்ணி மேல மூடி போட்டுட்டா இன்னும் இருபது வருஷம் உழைக்கும்" என்று சொல்லிக் கேட்ட தொகை அது. மூட்டை தூக்கித் தூக்கிச் சேர்த்த பணம். டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மனைவியின் தம்பி வந்து நின்றான்.

"எட்டே நாள் மாமா. ஒன்பதாம் நாள் உங்க கையில இருக்கும்."

அக்காக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வெறும் பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அவர் கொடுத்துத் தொலைத்தார்.

எட்டு நாள் மூன்று மாதமாகிவிட்டது. பல் மட்டும் சொன்ன சொல் தவறாமல் ராத்திரி பகல் பார்க்காமல் வலித்தது.

சரக்குக் கிடங்கில் அவருக்குப் 'பொறுமை' என்று பெயர். மூட்டையை முதுகில் ஏற்றும்போதெல்லாம் கீழே நிற்கிறவனைப் பார்த்து "பொறுமை, பொறுமை!" என்று கத்துவார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. மற்றபடி அந்தப் பெயருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பஸ் வர அஞ்சு நிமிஷம் தாமதமானால் ரோட்டையே திட்டுகிற ஆள்.

மூன்றாம் மாதக் கடைசியில் மைத்துனன் வந்தான். பணத்தோடு இல்லை, ஒரு மூட்டையோடு. அதையும் அவன் சுமக்கவில்லை. ஆட்டோக்காரர் இழுத்துவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்.

"என்னடா மாப்ள இது?"

"உங்க பணம் மாமா."

அவிழ்த்தால் உள்ளே ரிப்பன். சிவப்பு, நீலம், பல்லைக் கூசவைக்கும் பச்சை. முழம் முழமாக லேஸ், ஜரிகைக் கரை, குஞ்சம், எலாஸ்டிக் சுருள். அடியில் பொத்தான்கள், கூழாங்கல் மாதிரி கலகலவென்று. மைத்துனன் வேலை பார்த்த துணிக் கம்பெனியை மூடிவிட்டார்களாம். சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கிடைத்ததை அள்ளிக்கொள்ளச் சொன்னார்களாம்.

"அவங்க உன் தலையில கட்டினதை நீ என் தலையில கட்டறியா?"

"மாமா, இது சரக்கு இல்ல, முதல். அக்கா கைபட்டா ஒண்ணு பத்தாகும்."

"எனக்குப் பத்து வேணாம்டா. ஒண்ணைக் குடு. பல்லு போகுது."

அதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சாட்டின் ரிப்பனை விரலில் சுற்றி, மடித்து, நடுவில் ஊசியால் நாலு குத்து குத்தி இழுத்தாள். பூவாகிவிட்டது. நடுவில் ஒரு முத்துப் பொத்தானை வைத்தாள். "பாருங்க" என்று புருஷனிடம் நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து நாளாகியிருந்தது. அதனால்தான் மூட்டையைத் தெருவில் எறியவில்லை. எறிந்திருக்கலாம்.

அன்றிலிருந்து அந்த ஒற்றை அறை வீடு வீடாக இல்லை. கட்டிலில் உட்கார்ந்தால் பொத்தான் குத்தியது. சோற்றில் லேஸ் நூல் வந்தது. வேலைக்குக் கிளம்ப வேட்டியை உதறினால் குஞ்சம் விழுந்தது. ஒருநாள் கிடங்கில் குனிந்து மூட்டையை ஏற்றும்போது பின்னால் நின்றவன் சிரித்தான். "பொறுமை அண்ணே, முதுகுல ரோஜாப்பூ!" சட்டையில் ஒரு ரிப்பன் பூ ஒட்டிக்கொண்டு கூடவே வேலைக்கு வந்திருந்தது. அன்று முழுக்கக் கிடங்கே அவரை "மணப்பொண்ணு" என்று கூப்பிட்டது.

சரி, சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் பணம் வரும் என்று அவரும் ஒத்தாசைக்கு உட்கார்ந்தார். ஒரு ரிப்பனைக் கையில் எடுத்தார். சாக்கும் கயிறும் உராய்ந்து உராய்ந்து வெடித்த விரல்கள் அவை. சாட்டின் அந்த வெடிப்புகளில் மாட்டிக்கொண்டு சரசரவென்று நூல் நூலாகப் பிரிந்தது. உதற உதற இன்னும் மாட்டியது.

"ஐயோ, விடுங்க! உங்க கையா, உப்புத்தாளா?"

"இந்த உப்புத்தாளுதான் உனக்குச் சோறு போடுது."

"சோத்துக்கு ஆகும், சாட்டினுக்கு ஆகாது."

ஓரம் பிரியாமல் இருக்க ரிப்பன் நுனியை மெழுகுவத்தியில் காட்டும் வேலையைக் கொடுத்துப் பார்த்தாள். நைலான் ரிப்பன் நுனி உருகி அழகாக ஒட்டிக்கொண்டது. பரவாயில்லையே என்று அவர் பருத்தி ரிப்பனையும் காட்டினார். அது குப்பென்று பற்றியது. செருப்பால் அடித்து அணைத்தார். அதன்பின் மெழுகுவத்தியும் பறிபோனது. பொத்தான்தான் மிச்சம்.

இந்த நேரத்தில்தான் மைத்துனன் ஓட்டமாக ஓடிவந்தான்.

"ஆர்டர் பிடிச்சுட்டேன் மாமா! சின்னப் புள்ளைங்க ஸ்கூலு. ஆண்டுவிழாவுக்குத் தலைக்கு ரிப்பன் பூ, கைக்குப் பட்டன் வளையல். எல்லாம் வித்தா உங்க கடன் தீர்ந்து மேல மிஞ்சும். டீச்சர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னாங்க."

பொறுமைக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது. மறுநாளே டாக்டரிடம் போய்த் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவந்தார். "ரொம்பத் தள்ளிட்டீங்க. இதுக்கு மேல தள்ளினா காப்பாத்த முடியாது" என்றார் டாக்டர். தள்ளியது நானா என்று கேட்க வாய்வரை வந்தது. வாய்தான் வீங்கியிருந்ததே.

பூவெல்லாம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் மனைவி நூல் வாங்கக் கிளம்பினாள். போகும்போது சொன்னாள்:

"எலாஸ்டிக்க கையில வச்சு அளந்து வெட்டுங்க. ஒண்ணு சரியா வந்துட்டா, அதே அளவுல எல்லாத்தையும் கோத்துடலாம். தம்பி, மாமாவுக்குக் கூடமாட இருடா."

தம்பி கூட இருந்தான். இருந்து, படுத்து, தூங்கிவிட்டான்.

பொறுமை வேலையை வேலை மாதிரிதான் செய்தார். கிடங்கில் அளவுகோல் கிடையாது. கயிறு வேண்டுமென்றால் கையை விரித்து ஒரு பாகம், அரைப் பாகம், ஒரு சாண் என்று உடம்பால் அளந்து அறுப்பார்கள். அதே மாதிரி எலாஸ்டிக்கைத் தன் மணிக்கட்டில் சுற்றினார். சும்மா சுற்றினால் போதாது. கட்டு ரொம்ப இறுகினால் சரக்கு நசுங்கும், ரெண்டு விரல் நுழைய இடம் விட வேண்டும் என்பது முப்பது வருஷப் பாடம். ரெண்டு விரல் விட்டார். அதுவும் அவர் விரல். முடிச்சுக்கு மூட்டை முடிச்சையே போட்டார். இழுக்க இழுக்க இறுகும், பல்லால் கடித்தாலும் அவிழாத முடிச்சு. பெரிய பொத்தான், சின்னப் பொத்தான், நடுவில் ஒரு குஞ்சம் என்று ஒழுங்காகத்தான் கோத்தார். கன்னத்தில் ஒரு கை, பொத்தானில் ஒரு கை. முடிந்ததும் வரிசையாகக் கட்டிலில் அடுக்கிப் பார்த்தார். தன் கையாலும் அழகாக ஒன்று வந்திருக்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டார்.

சாயங்காலம் மனைவி திரும்பி வந்து படியேறும்போதே டீச்சரும் வந்தார், கூடவே தன் நாலு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. பூவைப் பார்த்ததும் "அட, கடையில்கூட இப்படிக் கிடைக்காதே" என்றார். மனைவி பூரித்துப்போனாள். அடுத்து வளையல். ஒன்றை எடுத்துக் குழந்தையின் கையில் போட்டார். அது மணிக்கட்டில் நிற்கவில்லை, முழங்கையில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு தோளில் போய்த் தொங்கியது. குழந்தை கையைக் கீழே விட்டது. வளையல் தரையில் விழுந்தது. குழந்தை அதை எடுத்துத் தலைவழியாகக் கழுத்தில் மாட்டப் பார்த்தது.

மனைவி கீழே கிடந்த இன்னொரு வளையலை எடுத்துத் தன் கையில் போட்டுப் பார்த்தாள்.

"யாரோட கையில அளந்தீங்க?" என்றாள் மனைவி, மெதுவாக.

"கையில வச்சு அளன்னு நீதானே சொன்ன?"

"உங்க கையிலயா அளக்கச் சொன்னேன்? புள்ளைங்களுக்குன்னு தெரியாதா?"

"வீட்டுல வேற கை எங்கடி இருக்கு? உன் தம்பி கைய எடுத்து அளக்கலாம்னா, அவன் அதத் தலைக்கு வச்சுத் தூங்கிட்டான்!"

"நானா? நான் கண்ண மூடி யோசிச்சுட்டு இருந்தேன்" என்றான் மைத்துனன்.

டீச்சர் ஒன்றைச் சின்னதாக்கப் பார்த்தார். முடிச்சு அசையவில்லை. ஊசி முனையால் குத்தினார். நகத்தால் நெம்பினார். நகம் உடைந்தது. "இதை எப்படிங்க போட்டீங்க?" என்று கேட்டார், பாதி எரிச்சலும் பாதி மரியாதையுமாக.

"அவிழாதும்மா. அதுல ஒரு குவிண்டால் தொங்கினாலும் அவிழாது."

"என் புள்ளைங்க குவிண்டால் தூக்கப் போறதில்லைங்க. நாளைக்குக் காலைல விழா. இனிமே அறுத்துக் கோக்க ஏது நேரம்?"

பூவுக்கு மட்டும் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அது டாக்டர் கேட்டதில் கால்வாசி தேறும். அந்தக் குடும்பத்தில் அன்று ஒருவர்மேல் ஒருவர் எரிந்துவிழாத நேரமே இல்லை. கடைசியில் மைத்துனன் எல்லா வளையலையும் ஒரு பையில் வாரிப்போட்டுக்கொண்டான்.

"விடுங்க மாமா. நான் வித்து, நாளைக்கே பணத்தோட வர்றேன்."

"யாருக்குடா விப்ப? யானைக்கா?"

"பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் டாக்டரிடம் போனது பொறுமையும் அவர் மனைவியும் அந்தக் கால்வாசிப் பணமும்தான். டாக்டர் தட்டிப் பார்த்தார். தட்டியதும் பொறுமை நாற்காலியோடு எழுந்தார்.

"காப்பாத்துறதுக்கு இனி அதுல ஒண்ணும் இல்லை. எடுத்துடலாம். அதுக்கு உங்ககிட்ட இருக்கிறதே போதும்."

எடுத்தார்கள். எடுக்கும்போது அவர் நினைத்தது மைத்துனனைத்தான். வாயில் பஞ்சை அடைத்து, "ரெண்டு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. பேசக் கூடாது, துப்பக் கூடாது, கனம் தூக்கக் கூடாது" என்று அனுப்பிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த கையோடு வாசலில் ஆட்டோச் சத்தம் கேட்டது. மைத்துனன் மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டே நுழைந்தான்.

"மாமா! எல்லாம் வித்துடுச்சு! ஒண்ணு விடாம!"

அக்கா வாயைப் பிளந்தாள். "யாருடா வாங்கினது?"

"ஸ்டேஷன் பக்கத்துல புது லாட்ஜ்க்கா. ஜன்னல் திரையச் சேத்துக் கட்டறதுக்கு இதே மாதிரி ஒண்ணத்தான் தேடிட்டு இருந்தாராம் மேனேஜர். முடிச்ச இழுத்து இழுத்துப் பாத்தாரு. எத்தனை பேர் இழுத்தாலும் அவிழாதுன்னதும் அள்ளிக்கிட்டாரு. மாமா கை ராசிக் கை! முழுசா நாலாயிரத்து அறுநூத்தம்பதும் வந்து, மேலயும் வந்துச்சு."

பொறுமையின் கண் விரிந்தது. பஞ்சுக்குள்ளிருந்து "ம்?" என்றார். கையை நீட்டினார்.

மைத்துனன் அந்தக் கையைப் பிடித்து ஆசையாகக் குலுக்கினான். பிறகு வாசலைப் பார்த்து, "அண்ணே, இறக்குங்க!" என்றான்.

மூன்று மூட்டை. மூன்றிலும் ரிப்பன்.

"கம்பெனி கிடங்குல மிச்சம் இருந்துச்சு மாமா. கொள்ளை மலிவு. காலைல வந்த பணத்தை அப்படியே போட்டுத் தூக்கிட்டேன். இத வித்தா உங்க பணம் ரெண்டு மடங்கு. ஒரே மாசம். முப்பத்தோராம் நாள் உங்க கையில இருக்கும்."

மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த வசவு அத்தனையும் தொண்டைக்கு வந்தது. நல்ல நல்ல வசவுகள். சில புதிதாக அந்த நிமிஷமே பிறந்தவை. ஒன்றும் வெளியே வர வழியில்லை. "ம்ம்ம்!" என்றார்.

"மாமா ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு? கோவமா?"

"பஞ்சு" என்றாள் அக்கா. "பல்லப் பிடுங்கியாச்சு."

"ஐயையோ. காப்பாத்திடலாம்னு சொன்னாங்களே?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். முன்னொரு நாள் அடுப்படியிலிருந்து புருஷனைப் பார்த்தாளே, அந்தப் பார்வையின் தங்கச்சி அது. ஆனால் இது வேறு பக்கம் திரும்பியிருந்தது. மைத்துனனின் சிரிப்பு மெல்ல இறங்கியது.

"மத்தியானம் பணம் உன் கையில இருந்துச்சுல்லடா? மனுஷன் அங்க வாயத் திறந்துட்டு உக்காந்திருந்தாரு."

"நான்... வளர்த்துத் தரலாம்னு..."

பொறுமை எழுந்தார். மைத்துனன் ஓரடி பின்னால் போனான். அடிக்கவில்லை. உள்ளங்கை இரண்டையும் ஒன்றோடு ஒன்று தட்டி, மேலும் கீழும் உதறி, விரித்துக் காட்டினார். வெறும் கை. பிறகு மைத்துனனைச் சுட்டி, வாசலைச் சுட்டி, மறுபடியும் கையை உதறினார்.

"என்னக்கா சொல்றாரு?"

"உன் கடனைத் தலைமுழுகிட்டாராம். இனி நீ ஒண்ணும் தர வேணாம். கேக்கவும் மாட்டாராம்."

"நிஜமாவா மாமா?" மைத்துனன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப இந்த மூட்டையெல்லாம்..."

டாக்டர் சொன்னதை மறந்து பொறுமை குனிந்து ஒரு மூட்டையைப் பிடித்தார். மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க விடுங்க. டேய், நீ தூக்குடா."

"நானா? ஆட்டோ போயிடுச்சேக்கா."

"அதனாலதான்."

மைத்துனன் முதல் மூட்டையை முதுகில் ஏற்றப் பார்த்தான். அது ஒருபக்கம் சாய்ந்தது, அவன் மறுபக்கம் சாய்ந்தான். வாசல் நிலையில் இடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். பொறுமை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்தார். மூட்டை ரொம்பக் கீழே தொங்கியது. இடுப்பு போய்விடும். சொல்லிவிடலாம் என்று நாக்கு எழும்பியது. பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்துக்கொண்டார்.