ஒருவர் மட்டுமே பேசும் அலைவரிசை

திரையில் ஏரியின் நீர்மட்டம் சில நாட்களாக இம்மியும் அசையவில்லை. அந்த நேர்கோட்டைப் பார்த்து, ஏரியைக் கண்காணிக்கும் எசென்பெக் நேற்றுவரை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தான். இன்று ஏரியிலிருந்து இறங்கி வாசலில் ஓடும் ஆறு பால் தேநீரின் நிறத்துக்கு மாறிப் பனிக்கட்டிகளை உருட்டி வந்ததும் திரையை மறுபடி உற்றுப் பார்த்தான். பனியுருகி நிறையும் ஏரி பகலில் ஏறும், விடியலில் இறங்கும். அது எப்படி நேர்கோடு போடும்?

ஏரிக்கரைக் கருவி மட்டத்தை அளந்து, எண்ணைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி ரேடியோ அலையில் வீசும். முகட்டுக் கம்பம் அதைப் பிடித்து அவன் அறைக்கு வீசும். வழியில் பொட்டலம் தொலைந்தால் வரைபடத்தில் ஓட்டை விழும், தலைநகரத்து அதிகாரிகள் கத்துவார்கள். அதனால், புது எண் வராவிட்டால் பழையதையே திரும்பப் போடும்படி செய்து வைத்திருந்தான், மூளைக்காரன். கருவி எப்போது மூழ்கியதோ.

கீழே ஊருக்கான சைரனை அழுத்தினான். ஆனால் ஏரிக்கு நேர் கீழே, மேய்ச்சல் வெளியில், அண்ணன் மனைவி புருல்கான் பிள்ளைகளோடு கூடாரம் போட்டிருந்தாள். அங்கே சைரனும் கேட்காது, கைபேசியும் எடுக்காது. வாக்கி டாக்கிதான். மேய்ச்சல்காரர் எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் கேட்கத்தான் முடியும்.

புருல்கான் பக்கத்துக் கூடாரத்துக்காரரை நலம் விசாரித்துக்கொண்டிருந்தாள். ஆடு எப்படி, குதிரை எப்படி, சம்பந்தி வீட்டார் எப்படி. அதெல்லாம் கேட்காமல் அந்த மலையில் யாரும் விஷயத்துக்கு வருவதில்லை. அவள் முடித்ததும் அவர் ஆரம்பித்தார். எசென்பெக் நடுவில் அழுத்தினான். இரண்டு அலைகள் மோதிக் கீச்சிட்டன. யாருடா பூனையை மிதித்தது என்று ஒருவர் சிரித்தார்.

ஒருவழியாக இடைவெளி கிடைத்தது.

"அண்ணி, புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுங்க. எல்லாரும் ஏறுங்க. ஏரி உடையுது."

போன கோடையில் கூடாரங்களுக்கு வரி வரப்போகிறது என்று இதே அலைவரிசையில் புரளி கிளப்பியவன் அவன்.

"என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு ஏரியா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ஆடு எப்படின்னு ஒரு வார்த்த கேக்கலையே நீ. நெசந்தானா?"

"நெசம் அண்ணி."

அதன் பிறகு ஒன்றுமில்லை. அலைவரிசை முதல்முறையாகக் காலியாகக் கிடந்தது. வீசியது சேர்ந்ததா என்பது மறுமுனை சொன்னால்தான் தெரியும். அதுவரை அவன் வெறுங்காற்றிடம் கத்தியவன். செருப்பை மாட்டினான், கதவுவரை போனான், திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி அழைக்கவும் பயம். அவன் அழுத்தும் நேரம் பார்த்து அவள் பேசிவிட்டால்?

வெகுநேரம் கழித்துக் கரகரத்தது. மூச்சிரைப்பு, குழந்தையின் அழுகை, நாய்கள்.

"ஏறிட்டோம். எல்லாரும் ஏறிட்டோம். ஆடு போச்சு. தண்ணி எங்களத் தாண்டிப் போயிடுச்சுப்பா. நீ கெளம்பிட்டியா?"

அவள் குரலுக்குப் பின்னால் பெரும் இரைச்சல். ரேடியோ இரைச்சல் என்று நினைத்து ஒலியைக் குறைத்தான்.

அவள் பொத்தானை விட்டாள். குரல் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.