தட்டினால் விட வேண்டும்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஆலையில் அண்ணனும் தம்பியும் வேலை பார்த்தார்கள். ஈரத்துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி இருவருக்கும் தோள் இரும்பாகியிருந்தது. அந்தத் தோளை நம்பித்தான் ஞாயிறு மதியங்களில் கூரை ஓட்டுக் கிடங்கின் அடித்தளத்தில் நடக்கும் திருட்டு மல்யுத்தத்துக்குப் போனார்கள். ஜெயிக்கிற பணத்தில் இரண்டு சலவை இயந்திரம், தெருவைப் பார்த்து ஒரு கடை. அவ்வளவுதான் ஆசை. அங்கே சட்டம் ஒன்றே ஒன்று: தோற்பவன் தரையைத் தட்டினால் பிடியை விட வேண்டும்.

ஒரு ஞாயிறு அண்ணனோடு மோதிய, கொக்கி என்று பேரெடுத்தவன் விடவில்லை. அண்ணன் மூன்று முறை தட்டினான். நடுவராக நின்ற கிடங்குக்காரர் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கொக்கி சிரித்தபடியே முறுக்க, அண்ணனின் வலத்தோள் பிய்ந்தது. அதன்பின் ஒரு தலையணை உறையைக்கூட அவனால் உதற முடியவில்லை. ஆலையில் சீட்டைக் கிழித்தார்கள்.

ஏழு மாதம் அண்ணன் ஒரு வார்த்தை புலம்பவில்லை. தம்பிக்கு அதுதான் பயமாக இருந்தது. தினமும் தம்பி வேலை முடிந்து வந்ததும் அண்ணன் தன் நல்ல கையை நீட்டுவான்.

"முறுக்கு."

"வலிக்கும்ணா."

"முறுக்குடா."

பிறகு ஒருநாள் அண்ணன் கிடங்குக்காரரிடம் போனான். "தம்பி கொக்கியோட மோதுறான். நான் நடுவரா நிக்கிறேன்."

"கூட்டம் பிச்சுக்கும்யா" என்றார் அவர்.

கொக்கியும் மறுக்கவில்லை. "ஒத்தக் கையன் நின்னா என்ன, உக்காந்தா என்ன?"

அந்த ஞாயிறு, மோதல் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தம்பிக்குக் கொக்கியின் கை வாகாகக் கிடைத்தது. அதே பிடி. கொக்கி பல்லைக் கடித்துப் பார்த்தான். பிறகு தரையைத் தட்டினான்.

தம்பி நிமிர்ந்தான். "அண்ணா, தட்டுறான்."

அண்ணன் குனிந்து தரையை நிதானமாகப் பார்த்தான். "எங்க? எனக்குத் தெரியலையே."

கொக்கி மறுபடி தட்டினான். "விடச் சொல்லுய்யா" என்று கெஞ்சினான். அண்ணன் கண்ணெடுக்காமல் தம்பியையே பார்த்தான். தம்பி முறுக்கினான். ஈர மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை.

வெளியே நல்ல வெயில். இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

"நீ சொல்லியிருந்தா விட்டிருப்பேண்ணா."

"தெரியும்" என்றான் அண்ணன். "அதான் சொல்லல."

அன்று அண்ணன் வயிறாரச் சாப்பிட்டான். கை கழுவப் போன தம்பி வெகுநேரம் குழாயடியிலேயே நின்றான்.