இடப்பக்கம்

அவன் ரோஜாக்களை உருவிக்கொண்டிருந்தான். ஓட்டலின் முன்கூடத்தில், ஆளுயரக் கிளையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் இடப்பக்கத்தில் செருகியிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டான். அன்று காலையில்தான் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். உடலைக் கொடுக்க மதியமாகும் என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் யாரிடமும் சொல்லாமல் எழுந்து வேலையிடத்துக்கு வந்துவிட்டான்.

"யோவ், கிறுக்கு பிடிச்சிருச்சா?" என்று ஓடிவந்த மேஸ்திரி, பாதியில் விஷயம் உறைத்துக் குரலைத் தாழ்த்தினார். "நீ எதுக்குப்பா இன்னிக்கு வந்தே?"

"இதை யாரு ரொப்புனது?"

"நான்தான். ஒரு பக்கம் பல்லு விழுந்த வாய் மாதிரி இருந்துச்சு. பாக்குறவன் பூவைத் திருடிட்டோம்னு சொல்ல மாட்டான்?"

மேஸ்திரி மேல் குற்றமில்லை. கல்யாண மேடை, கடைத் திறப்பு என்று காலமெல்லாம் பூவை அடைத்தே பழகிய கை. இடுக்கில் காம்பு செருகும் பச்சைப் பஞ்சு தெரிந்தால் வசவு விழும். இந்த வேலை வேறு. கடல் தாண்டிய ஒரு தேசத்தில் பூவை இப்படித்தான் வைப்பார்களாம்: உயரமாய் ஒரு கிளை, சாய்ந்தாற்போல் ஒன்று, தாழ்வாய் ஒன்று, மீதி வெறும் இடம். மனைவி படம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, தானே வரைந்து, ஓட்டல்காரரிடம் பேசி வாங்கிய வேலை. வெறும் இடத்தையும் சேர்த்துத்தான் வரைந்திருந்தாள். கிளைகளை நிறுத்திய அன்றே மயங்கி விழுந்தாள்.

நேற்று போட்டோ கேட்டாள். எடுக்க வந்த அவன் ரோஜாக் குவியலைப் பார்த்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனான்.

"வெளிச்சம் பத்தல. நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

"ரொப்பிட்டானுங்களா?"

"சேச்சே."

"பொய் சொல்றப்ப மட்டும்தான்யா உன் மூஞ்சி லட்சணமா இருக்கு" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

வாளியருகே மச்சினன் வந்து நின்றான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மாமா, அங்க உங்களைத் தேடுறாங்க. கையெழுத்துப் போடணுமாம்."

"வரேன்."

"அக்காவை அங்க போட்டுட்டு இங்க வந்து பூ பிடுங்குறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

தனக்கு அழுகை வராதது ஏன் என்று யோசிக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. முள் கிழித்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த ரோஜாவைப் பிடித்தான். மச்சினன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்கி அவன் கைக்கு எட்டும்படி பிடித்தான். மேஸ்திரி உள்ளே போய்விட்டார்.

கடைசி ரோஜாவும் வந்தது. கிளை சற்று ஆடி நின்றது. அவன் போனை எடுத்து நீட்டினான்.

"ஒரு போட்டோ எடு. எனக்குக் கை ஈரம்."

யாருக்கு என்று மச்சினன் கேட்கவில்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தான்.

"மாமா, காலி இடத்துல நிக்கிறீங்க. தள்ளுங்க."

அவன் தள்ளி நின்றான்.

"இன்னும் தெரியுறீங்க."

இன்னும் தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம்."

முதுகில் சுவர் இடித்தது. அவன் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டான்.